ஐந்தாவது வெடி

தீபாவளிக்குத் தெருவில் சரவெடி கொளுத்தினால் நம் வயதுக்காரர்கள் என்ன செய்வோம்? காதைப் பொத்துவோம், ஜன்னலைச் சாத்துவோம், பிபி மாத்திரை போட்டாச்சா என்று ஒருவரையொருவர் விசாரிப்போம். நீங்கள் அதையே செய்யுங்கள். நான் எண்ணுவேன். தனி வெடி என்றால் விரல் தானாக மடங்கும், உதடு தானாக அசையும். "ஆரம்பிச்சுட்டியாம்மா" என்பாள் மகள். ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். குவாரியில் வளர்ந்தவளுக்கு வெடிச் சத்தம் கேட்டால் எண்ணத்தான் வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொந்த ஊர் எது என்று கேட்டால் பலருக்கு நாக்கு குழறும். எனக்குக் குழறாது. தாம்பரத்துக்கு மேற்கே ஒரு மலை இருந்தது, அதுதான் என் ஊர். "தாம்பரத்துல ஏது மலை?" என்று புருவத்தைத் தூக்குவார்கள். இருந்ததய்யா, இருந்தது. வெட்டிய கல்லில் பாதி உங்கள் வீட்டு அஸ்திவாரத்தில் கிடக்கிறது. மீதி ஜிஎஸ்டி ரோட்டுக்கு அடியில் கிடக்கிறது, நீங்கள் தினமும் அதன் மேல்தான் பஸ்ஸில் போய் வருகிறீர்கள். என் கணவர் கல்யாணமான புதிதில் தன் சொந்தக்காரர்களிடம், "அவங்க தாம்பரம் சைடு" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வார். நான் பின்னாலேயே வந்து, "கல் குவாரிங்க" என்று சேர்த்துவிடுவேன். மனிதர் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். நான் நாலாங்கிளாஸ். பள்ளத்தின் மேல் விளிம்பில் ஒரு வரிசை வீடு எங்களுடையது. பணக்காரர்கள் பங்களாவுக்குக் கட்டுகிற கருங்கல் சுவர் எங்களுக்கு ஓசி. கூரைக்குத்தான் வக்கில்லை, தகரம். வெடிக்கிற நேரத்தில் சில்லுகள் வந்து தகரத்தில் விழும். விருந்தாளி வந்தால் பயந்து எழுந்து நிற்பார்கள், நாங்கள் சிரிப்போம். சோற்றில் கல் தூசி, தலையில் கல் தூசி, கொடியில் காயும் பாவாடையில் கல் தூசி. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் தலைக்கு மேலே அவ்வளவு தாழப் போகும். வெடித்து முடிந்ததும் கந்தகமும் ஈரக் கல்லும் கலந்த ஒரு வாடை வரும். பெரியவர்களுக்குத் தலை வலிக்கும். எனக்கு அந்த வாடை பிடிக்கும், இப்போதும் பிடிக்கும்.

வெடிமருந்துப் பெட்டிக்குள் ஒரு மெழுகுத் தாள் சுற்றி வரும். அதைத்தான் என் புத்தகங்களுக்கு அட்டை போட்டிருந்தேன். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. கிளாஸில் வேறு யாருக்கும் அப்படி ஓர் அட்டை கிடையாது.

எங்கள் ஊரில் மிகப் பெரிய ஆள் யார் தெரியுமா? மேஸ்திரி இல்லை. என் அம்மா.

அம்மா முதலில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தவள். சுத்தியல் இறங்கி இடது கட்டைவிரல் நசுங்கியது. கல்லைப் பிடிக்க முடியாதவளை என்ன செய்வது என்று மேஸ்திரி அவளை மணி அடிக்க வைத்தான். மணி என்றால் கோயில் மணி இல்லை. ரெண்டடி நீளத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டு, ரயில்வே யார்டிலிருந்து எப்படியோ வந்தது. எங்கள் வீட்டுப் பின்னால் இரும்புக் கம்பி முக்காலியில் தொங்கும். அடிக்கிற இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். வெயிலில் தொட்டால் சுட்டுவிடும்.

வேலை இப்படித்தான் நடக்கும். பாறையில் குழி துளைத்து, மருந்து கெட்டித்து, திரி வைப்பார்கள். மதியம் அம்மா படபடவென்று மணி அடிப்பாள். எல்லோரும் பள்ளத்தை விட்டு மேலே ஓடி வந்துவிட வேண்டும். கடைசியாக என் அப்பா ஒவ்வொரு திரியாகப் பற்றவைத்துவிட்டு ஓடி வருவார். திரிகள் வேறு வேறு நீளம் என்பதால் வெடிகள் ஒவ்வொன்றாக வெடிக்கும். அப்போது அத்தனை பேரும் எண்ணுவோம். ஐந்து குழி போட்டிருந்தால் ஐந்து சத்தம் கேட்க வேண்டும். நாலுதான் கேட்டது என்றால் ஒரு குழி தூங்குகிறது என்று அர்த்தம். தூங்குகிற குழியின் கிட்டே யாரும் போகக் கூடாது, அது எப்போது விழிக்கும் என்று சொல்ல முடியாது. அன்றைய வேலை அத்தோடு சரி, மறுநாள்தான் இறங்குவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் அம்மா நிதானமாக மணி அடிப்பாள். எல்லோரும் எண்ணினாலும் அம்மாவின் மணிதான் தீர்ப்பு. அவள் அடிக்காமல் எந்த ஆம்பளையும் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டான். அவள் பக்கத்தில் நின்றுகொண்டு நான் அலட்டிக்கொண்ட அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை.

பள்ளிக்கூடம் மலைக்குக் கீழே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வெடிச் சத்தம் வரும். குவாரிப் பிள்ளைகள் எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு உதட்டுக்குள் எண்ணுவோம். எங்கள் அப்பன்கள் அல்லவா அங்கே இருக்கிறார்கள். டீச்சர் சிட்லபாக்கத்திலிருந்து குடையோடு வருகிறவர். "சாப்பிடும்போது என்னடி முணுமுணுப்பு? கெட்ட வார்த்தையா?" என்று ஸ்கேலால் முட்டியில் போடுவார். அடி வாங்கிக்கொண்டே எண்ணுவேன். அடியைப் பார்த்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். டீச்சர் கெட்டவர் இல்லை, தன் பெண்ணின் பழைய பாவாடையை எனக்குக் கொடுத்தவர்தான். ஆனால் ஒரு தடவையாவது, "என்ன எண்ணுறே?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குவாரிப் பிள்ளைகள் கெட்ட வார்த்தைதான் பேசும் என்று அவருக்கு முடிவாகிவிட்டது.

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாத வயது, முறுக்கு மீசை, எப்போதும் சீழ்க்கை. அம்மாவின் மணி விழுந்ததும் பள்ளத்தில் முதலில் இறங்குகிறவர் அவர்தான். இறங்குமுன் என் அம்மாவைப் பார்த்து, "அண்ணி, உன் மணிய நம்பி எறங்கறேன், பொண்ணு பாத்து வெய்யி" என்பார். "போடா, உனுக்கு எவ வருவா" என்பாள் அம்மா. இது தினசரி நடக்கும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பனைமரத்தடிக்குப் போய் நுங்கு வெட்டித் தருவார். அதை அவர் வலது கையால் வெட்டுகிற லாவகத்தை நான் வாய் பிளந்து பார்ப்பேன்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் எதிர்ப் பக்கத்து மலையையும் வெட்ட ஆரம்பித்தார்கள். அதுவரை அங்கே சரிவும் புதருமாக இருந்தது, ஆடு மேயும். கோடை வருவதற்குள் அந்தப் பக்கம் சினிமாத் திரை மாதிரி ஒரே நேர்ச் சுவராக நின்றது. ஆடு மேய்க்கிறவர்கள் மட்டும் திட்டினார்கள். எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

ஒரு சனிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஐந்து குழி. நாலு கீழே பள்ளத்துக்குள். ஒன்று மட்டும் முதல் முறையாக மேல் தட்டில், அந்தப் புதுச் சுவருக்கு நேர் எதிரே. அம்மா படபடவென்று அடித்தாள். அப்பா பற்றவைத்துவிட்டு ஓடி வந்து எங்களுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றார். ஒன்று. ரெண்டு. மூன்று. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் மேல் தட்டில் பெரிதாக ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்று. நாலு, ஐந்து. என் ஐந்து விரலும் மடங்கிவிட்டன.

அம்மா உடனே அடிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். இதை நான் பார்த்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"இன்னாம்மா பாத்துகினு கீற? அஞ்சும் வந்துச்சுல்ல, அடி!" என்றான் மேஸ்திரி.

அம்மா நிதானமாக மணி அடித்தாள். சித்தப்பா சீழ்க்கை அடித்துக்கொண்டே இறங்கினார். கடப்பாரையை எடுத்துப் பாறையை நெம்பினார். அப்போது கீழே தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழி விழித்துக்கொண்டது.

உயிர் போகவில்லை. வலது கையில் மூன்று விரல் போயிற்று, வலது காது போயிற்று. லாரியில் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு யாரோ பள்ளத்தில் அவர் விழுந்து கிடந்த இடத்தில் மண்ணைத் தள்ளி மூடினார்கள். எதை மூடினார்கள் என்று எனக்குப் புரிய ரெண்டு நாள் ஆயிற்று, அதன்பின் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மேஸ்திரி கொட்டகை வாசலில் எல்லோரும் கூடினார்கள். அம்மாவை நடுவில் நிற்கவைத்தார்கள்.

"எத்தினி எண்ண?" என்றான் மேஸ்திரி.

"அஞ்சு."

"நாலுதான் வந்துச்சு. எல்லாரும் நாலுதான் எண்ணிகீறாங்க. கேட்டுப் பாரு. உனுக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு அஞ்சு?"

அம்மா சுற்றிப் பார்த்தாள். ஒருவர் விடாமல் தரையைப் பார்த்தார்கள். அம்மா கடைசியில் அப்பாவைப் பார்த்தாள். அப்பா, விரித்துக் காட்டினாரே, அதே கையைத் தோள் துண்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"பொம்பளைய வெச்சா இப்டித்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நான் கத்தினேன். "அஞ்சுதான்! நானும் அஞ்சுதான் எண்ணினேன்! அப்பாவும் அஞ்சுன்னு காட்னாரு!" அப்பா வந்து பளாரென்று ஓர் அறை விட்டார். வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுவேன். பேசாமல் இருந்துதான் அந்தக் கூட்டமே ஒருத்தியைக் குழியில் தள்ளியது.

அதன்பிறகு மணிக்குப் பதில் கையால் சுற்றுகிற சைரன் ஒன்று வந்தது. தண்டவாளத் துண்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அம்மா நசுங்கின விரலோடு மறுபடி ஜல்லி உடைக்கப் போனாள். அவள் பக்கத்தில் எந்தப் பொம்பளையும் உட்காரவில்லை. மழைக்காலத்துக்கு முன் நாங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஊரப்பாக்கம் வந்துவிட்டோம். சில வருஷத்தில் அப்பா நெஞ்சில் தூசி அடைத்துப் போய்ச் சேர்ந்தார்.

ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அம்மா இட்லிக்கடை போட்டாள். கடை நன்றாகவே ஓடியது. ஒரே ஒரு விஷயம், அம்மா எண்ண மாட்டாள். "நாலு இட்லி கொடுக்கா" என்று கேட்டால் தட்டை நீட்டி, "நீயே எட்த்துக்கோப்பா" என்பாள். பார்சல் என்றால் என்னைக் கூப்பிடுவாள். நான் ஸ்கூலுக்குப் போயிருந்தால், வாங்க வந்தவர்தான் எண்ணிக்கொள்ள வேண்டும். ஊரப்பாக்கத்துக்காரர்கள் அவளுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். குவாரியில் எத்தனை ஆம்பளை இறங்கினான், எத்தனை ஆம்பளை ஏறினான் என்று ஒரு பார்வையில் சொன்னவளுக்கு! "எண்ணும்மா, ஒனக்குத் தெரியும்மா" என்று மல்லுக்கு நிற்பேன். "வாணாம்டி. என் எண்ணிக்க நல்லதில்ல" என்பாள்.

சித்தப்பா தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வருவார். மீன் குழம்பில் பெரிய துண்டம் அவருக்குத்தான். முள்ளை எடுத்துத் தட்டில் வைப்பாள் அம்மா, வலது கையால் அவரால் எடுக்க முடியாதல்லவா. அவர் தலை குனிந்து சாப்பிடுவார். சீழ்க்கை எல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. நானும் பாவம் சித்தப்பா என்றுதான் நினைத்தேன்.

இனி தொண்ணூறுகளின் கடைசிக்கு வாருங்கள். எனக்குக் கல்யாணமாகி, மகளுக்கு ஏழெட்டு வயது. நம் செட்டில் எல்லோருக்கும் அப்போது மனைப் பைத்தியம் பிடித்திருந்தது, ஞாபகமிருக்கும். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுப்பார்கள். இலவச வேன், மதியம் பிரிஞ்சி சாதம், தண்ணீர் பாக்கெட், மனையைப் பார்த்துவிட்டு வரலாம். என் கணவர், "வாங்குறோமோ இல்லையோ, ஒரு அவுட்டிங் மாதிரி போய்ட்டு வரலாம், உங்க அம்மாவையும் சித்தப்பாவையும் கூட்டிக்கோ" என்றார். நோட்டீஸில் 'மலைச்சாரல், ஏரிக் காற்று' என்று போட்டிருந்தது. எந்த மலை, எந்த ஏரி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

வேன் முடிச்சூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மலை பாதிதான் இருந்தது, இருந்தும் அந்தப் பாதியைத் தெரியாமலா போகும்? பின் சீட்டில் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அய்யோ, நம்ம ஊரு" என்றேன் சத்தமாக. என் கணவர், "மெதுவா பேசு" என்றார். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அடிவாரத்தில் வெள்ளைக் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டியிருந்தார்கள். கழுத்தில் டை கட்டிய ஏஜெண்ட் ஒருவன், வந்தவர்களைப் பந்தலில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தான். அம்மா உட்காரவில்லை. நேராக மேலே நடந்தாள். நாங்கள் நாலு பேரும் பின்னாலேயே போனோம்.

குவாரி மூடி வருஷங்களாகியிருந்தன. வீட்டு வரிசையில் தகரம் எல்லாம் போய்விட்டது, சுவர்கள் மட்டும் இடுப்பு உயரத்துக்கு நின்றன. உள்ளே சீமைக் கருவேலம் முளைத்திருந்தது. எங்கள் வீட்டை அடுப்பு மேடையை வைத்துக் கண்டுபிடித்தேன். கல் சுவரில் நான் ஆணியால் கீறிய கோழி அப்படியே இருந்தது. மகளிடம் காட்டினேன். "கோழியா? வாத்து மாதிரி இருக்கு" என்றாள். வீட்டுப் பின்னால் மணி தொங்கிய முக்காலியில் ஒரு கால் மட்டும் துரு ஏறி நின்றது. அம்மா அதைக் கையால் தடவிவிட்டு நகர்ந்தாள். பள்ளம் முழுக்கப் பச்சைத் தண்ணீர். கீழே நாலு குழி போட்ட இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. எதிரே அந்த நேர்ச் சுவர், அன்றைக்கு வெட்டி நிறுத்தியபடியே நின்றது.

மேல் தட்டில், அன்றைக்கு அந்த ஒற்றைக் குழி போட்ட இடத்துக்குப் பக்கத்தில், பிற்பாடு யாரோ கிரஷர் மிஷின் வைத்திருந்திருக்கிறார்கள். கல் கொட்டுகிற பெரிய இரும்புத் தொட்டி மட்டும் மிச்சம். என் மகள் சும்மா இருப்பாளா? ஒரு கல்லை எடுத்துத் தொட்டியின் மேல் எறிந்தாள்.

டங்.

ஒரு மூச்சு விடுகிற நேரம். எதிரிலிருந்து, டங்.

"அம்மா! அந்தப் பக்கமும் யாரோ அடிக்கறாங்க!" என்று குதித்தாள்.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் பிடிக்கிற அளவுக்கு ஒரு கல்லை எடுத்தாள். தொட்டியின் வயிற்றில் ஓங்கி ஒரே ஓர் அடி. கல்லைப் போட்டுவிட்டு விரலை மடக்கினாள்.

"ஒண்ணு" என்றாள். எதிர்ச் சுவர் அதே சத்தத்தைத் திருப்பி அனுப்பியது. "ரெண்டு" என்றாள்.

அத்தனை வருஷத்துக்குப் பிறகு என் அம்மா எண்ணுவதை அன்றுதான் கேட்டேன். அந்தச் சுவர்! அது இல்லாத காலத்தில் எதிரொலி இல்லை. மேல் தட்டில் குழி போடாதவரை அது இருப்பதும் தெரியவில்லை. அன்றைக்கு வெடித்தது நாலுதான், நாலாவது வெடியை அந்தச் சுவர் திருப்பி அடித்தது, அதைத்தான் ஐந்து என்று மடக்கினோம். என் அம்மா தப்பாக எண்ணவில்லை. ஐந்து சத்தம் கேட்டது, ஐந்து எண்ணினாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்!" என்று கத்தினேன். "அறை வாங்கினேனே, சொன்னேனா இல்லையா!" நான் கத்தியதும் அந்தச் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது.

அப்போதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அண்ணி, நானும் அன்னிக்கு அஞ்சுதான் எண்ணேன்."

அம்மா திரும்பினாள்.

"எல்லாருமே அஞ்சுதான். அண்ணனும் அஞ்சுதான். மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னான். திரி வெச்சவன் மேல கேஸ் வரும், உங்க அண்ணன் உள்ள போய்டுவான், மணி அடிச்சவ தப்புன்னு சொல்லிட்டா ஆருக்கும் பேஜாரு இல்ல, பொம்பளைய ஆரும் புடிச்சி உள்ள போட மாட்டாங்கன்னான். அண்ணனும் சரின்னுச்சு. நானும்..."

"நீயும்?"

"நானும் சரின்னேன்."

என் கணவர் மகளைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வந்த கோபத்தில் சித்தப்பாவைத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். அப்பாவை ஜெயிலுக்கு விடாமல் காப்பாற்றினார்களாம். அம்மா ஒவ்வொரு நாளும் போய்வந்த ஜெயில் எந்தக் கணக்கில் வரும்? நாலு இட்லி எண்ண மாட்டேன் என்றாளே, அது எந்தக் கணக்கு?

அம்மா அழவில்லை. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து துன்னியேடா" என்றாள். "முள்ளு எட்த்து வெச்சேனே. அப்ப ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலியா உனுக்கு?"

"தோணுச்சு அண்ணி. ஒவ்வொரு வாட்டியும் தோணுச்சு. நீ பெரிய துண்டமா எட்த்து வெப்ப. அத்தப் பாத்ததும் வாய் அடைச்சிக்கும்."

அம்மா அந்தக் கல்லை மறுபடி தூக்கினாள். தொட்டியில் படபடவென்று அடிக்க ஆரம்பித்தாள், வெடிக்கு முன்னால் அடிப்பாளே, அதே அடி. எல்லோரும் மேலே ஓடி வாங்க என்கிற அடி. எதிர்ச் சுவரும் சேர்ந்துகொண்டு அடித்தது. தண்ணீரிலிருந்து கொக்குகள் எழும்பிப் பறந்தன. கீழே பந்தலில் பிரிஞ்சிக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். டை கட்டியவன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"என்னம்மா பண்றீங்க? கஸ்டமர்லாம் பயப்படறாங்க. இங்கெல்லாம் வரக் கூடாதும்மா. ப்ளாட் கீழேதான். இது லேக் ஏரியா."

"லேக்கா?" அம்மா கல்லை இறக்காமலே கேட்டாள். "எது லேக்கு? இது பள்ளம்பா. எங்க ஆளுங்க வெட்ன பள்ளம். என் கொழுந்தன் வெரலு மூணு இதுக்குள்ள கீது. கீழ போய் அத்தயும் சொல்லி வித்துக்கோ."

"நீங்க யாரும்மா?"

"நான் இங்க மணி அடிக்கிறவ" என்றாள் அம்மா. அடிக்கிறவ. அடித்தவ இல்லை. பிறகு கல்லைக் கீழே போட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

அன்றைக்கு மனை விற்றதா என்று எனக்குத் தெரியாது. பந்தலில் ரெண்டு பெரியவர்கள் வந்து, "அது நிஜமாவே குவாரிங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாம், சுத்தமான குவாரி" என்றேன். என் கணவர் முகத்தைச் சுருக்குவார் என்று திரும்பிப் பார்த்தேன். "எங்க மாமியார் ஊருங்க இது" என்றார் அவர், யாரும் கேட்காமலே. ராத்திரி அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன், அது வேறு விஷயம்.

அம்மா சித்தப்பாவை மன்னித்தாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் மன்னிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் துண்டம் எல்லோருக்கும் ஒரே அளவாக விழுந்தது. முள்ளை அவர் இடது கையால் தானே எடுத்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது வேன் கிளம்பின சமயத்தைப் பற்றி. நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். சித்தப்பா வரவில்லை. தூரத்தில் ஒரு வெள்ளைக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார், ஏறலாமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. டை கட்டியவன் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே எட்டிப் பார்த்து, "உங்க பேமிலி நாலு பேருதானேம்மா? போலாம், ரைட்!" என்றான்.

"இர்ரா" என்றாள் அம்மா.

படியில் ஒரு காலை வைத்தபடி நின்று எண்ணினாள். விரலை நீட்டி, வாய் விட்டு, வேனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி எண்ணினாள். மகளைத் தொட்டு, ஒண்ணு. என்னைத் தொட்டு, ரெண்டு. என் கணவரைக் காட்டி, மூணு. தன் நெஞ்சில் தட்டி, நாலு. பிறகு அந்த வெள்ளைக் கல் பக்கம் திரும்பி, கையை நீட்டி, "வாடா, வந்து ஏறு" என்று ஒரு சத்தம் போட்டாள். அவர் எழுந்து, தலை குனிந்து, நடந்து வந்தார். அவர் கால் படியில் படுகிறவரை அம்மா ஐந்தாவது விரலை மடக்கவில்லை.

"அஞ்சு" என்றாள். டை கட்டியவனைப் பார்த்தாள், அவனைத் தாண்டி அந்தப் பாதி மலையைப் பார்த்தாள்.

"இப்ப எவனாவது நாலுன்னு சொல்லட்டும், பாக்கலாம்."